கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்த கதாசிரியர்

1993–ம் ஆண்டு. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் அப்பொழுது எல்லா வீட்டிலும் டெலிவிஷன் பெட்டி கிடையாது. தெருவுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று இருக்கும். கூரை மேல் மூங்கில் கழியில் ஆண்டெனா கட்டியிருப்பார்கள். காற்று அடித்தால் படம் ஆடும். ஒருவர் மேலே ஏறிக் கழியைத் திருப்புவார். கீழே நிற்பவர் போதும், போதும் என்று கத்துவார்.

அந்த ஆண்டில் தூர்தர்ஷனில் ஒரு ஹிந்தித் தொடர் வந்தது. அதன் பெயர் ‘பியோம்கேஷ் பக்‌ஷி’. வேட்டி கட்டிய ஒரு வங்காளி இளைஞர் அதில் துப்பறிவார். துப்பாக்கி தூக்க மாட்டார். யாரையும் அடிக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் குற்றவாளி இன்னார் என்று சொல்வார்.

எங்களில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. ஆனாலும் பார்த்தோம். யார் செத்தார், யார் திருதிருவென்று விழிக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியுமே! பெட்டிக்காரர் வீட்டுப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு வாரமும் குற்றவாளியை முன்கூட்டியே சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார். அதனால் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

முப்பது ஆண்டு கழித்து அதே தொடரைக் கைபேசியில், கீழே எழுத்து ஓட, நிதானமாகப் பார்த்தேன். அப்பொழுதுதான் ஒரு விஷயம் புரிந்தது. அன்று வெறும் கொலைக் கதை என்று நினைத்தவற்றில் பாதிக்கு மேல் உயில் கதைகள், சொத்துக் கதைகள், வாரிசுக் கதைகள். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து எழுதியது போல் இருந்தன.

விசாரித்தால், எழுதியவர் உண்மையிலேயே ஒரு வக்கீல்!

மோங்கிர் வக்கீலின் மகன்

அவர் பெயர் சரதிந்து பந்தோபாத்தியாய். சரதிந்து என்றால் சரத்கால நிலவு என்று பொருள்.

1899–ம் ஆண்டு மார்ச் 30–ந் தேதி அவர் பிறந்தார். பிறந்த ஊர் உத்தரப்பிரதேசத்தில் உள்ள ஜான்பூர். வளர்ந்தது பீகாரில். தந்தை தாராபூஷண் மோங்கிர் நகரில் வக்கீல். கங்கைக் கரையில் பழைய கோட்டையோடு இருக்கும் ஊர் அது. இன்று முங்கேர் என்கிறார்கள்.

வீட்டில் பேசுவது வங்காளி. தெருவில் பேசுவது ஹிந்தி. வங்காள நாட்டுக்கு வெளியே வாழும் வங்காளிகளுக்குத் தாய்மொழி மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த நம் தமிழர்களுக்கு இருந்தது போல.

மெட்ரிகுலேஷன் படிப்பு முடிந்ததும் சரதிந்து கல்கத்தாவுக்கு வந்தார். வித்யாசாகர் கல்லூரியில் சேர்ந்தார். வெளியூர் வாலிபர்கள் மெஸ்களில் தங்கிப் படித்த காலம் அது. ஒரு மாடிக்கு நான்கு அறை. ஓர் அறையில் மாணவன், அடுத்த அறையில் குமாஸ்தா, அதற்கடுத்த அறையில் மருந்து விற்பவர். ஒருவர் பூர்வீகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? பிறகு அவர் எழுதிய கதையில் துப்பறியும் வீரர் முதன்முதலாகத் தோன்றுவதே இப்படி ஒரு மெஸ்ஸில்தான்.

கல்லூரியில் படிக்கும்போதே, 1918–ம் ஆண்டில், அவருக்குத் திருமணம் நடந்துவிட்டது. மனைவி பெயர் பாருல். இருபதாவது வயதில் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. அது கவிதைப் புத்தகம்.

கவிதை எழுதினால் குடும்பம் நடக்குமா? தந்தை வக்கீல். பிள்ளையும் வக்கீல் ஆனால், கட்சிக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். சட்டப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. சரதிந்து பாட்னாவில் சட்டம் படித்தார். மோங்கிர் திரும்பினார். தந்தைக்கு ஜூனியராகக் கோர்ட்டுக்குப் போனார்.

மூன்று ஆண்டுகள்

அந்தக் காலத்து ஜில்லா கோர்ட்டு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்றும் தாலுகா கோர்ட்டு வாசலில் போய் நின்றால் பாதி தெரியும். புளிய மரத்தடி. கையில் துணிப்பை. பைக்குள் பழைய பத்திரம். அண்ணன் மேல் தம்பி வழக்கு. சித்தப்பா மேல் அண்ணன் மகன் வழக்கு. வாய்தா, வாய்தா, மறுபடியும் வாய்தா.

சரதிந்து மூன்று ஆண்டுகள் போலத் தொழில் செய்தார். 1929–ம் ஆண்டில் அதை விட்டுவிட்டார். இனி எழுத்துதான் தொழில் என்று முடிவு செய்தார்.

அப்பொழுது அவருக்கு வயது முப்பது. மனைவி உண்டு, குடும்பம் உண்டு. உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் தொடங்கிய ஆண்டு அது. பத்திரிகைகள் எழுத்தாளர்களுக்குக் கொடுத்த பணம் மிகக் குறைவு. சொந்தத் தந்தையின் ஆபீசு, உட்கார நாற்காலி, வந்துகொண்டிருக்கும் கட்சிக்காரர்கள், இத்தனையையும் விட்டு ஒருவர் எழுந்து போனார் என்றால் அது சின்னக் காரியம் அல்ல. தந்தை தொழிலை மகன் விடும்போது வீட்டில் என்ன நடக்கும் என்பது நெசவாளர் வீட்டிலும் தெரியும், விவசாயி வீட்டிலும் தெரியும்.

ஆனால் அந்த மூன்று ஆண்டு வீண் போகவில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றினாரே தவிர, அந்தக் கோட்டுப் பையில் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

கிராமபோன் ஊசி

1932–ம் ஆண்டு. சரதிந்து ஒரு துப்பறியும் கதை எழுதினார். கல்கத்தா வீதியில் நடந்து போகிறவர்கள் திடீரென்று விழுந்து சாகிறார்கள். மார்பில் கிராமபோன் ஊசி பாய்ந்திருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் இல்லை. கொன்றவனை யாரும் பார்க்கவில்லை. பத்திரிகையில் ஒரு வேடிக்கையான சிறு விளம்பரம் மட்டும் வாரந்தோறும் வருகிறது. பாதையில் கிடக்கும் முள்ளை எடுக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்துக்கு வரலாம் என்று.

அந்த மர்மத்தைக் கண்டுபிடிப்பவர்தான் பியோம்கேஷ் பக்‌ஷி. கூட இருந்து கதை சொல்பவர் அவருடைய நண்பர் அஜித். அஜித் ஓர் எழுத்தாளர்.

நம் ஊர்க் கோவில்களில் சிவபெருமானை வியோமகேசன் என்று அர்ச்சனை செய்வார்கள். வானத்தையே சடையாக உடையவன் என்று பொருள். அந்த வியோமகேசன்தான் வங்காளத்தார் வாயில் பியோம்கேஷ் ஆகிவிட்டார்.

இரண்டு கதை எழுதிய பிறகுதான், இவரை வைத்துத் தொடர்ந்து எழுதலாம் என்று சரதிந்துவுக்குத் தோன்றியது. உடனே மூன்றாவதாக ஒரு கதை எழுதினார். அதில் பியோம்கேஷும் அஜித்தும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்பதைச் சொன்னார். மெஸ் அறையில் நடக்கும் கதை என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். பின்னால் எழுதியது முன்கதை ஆயிற்று!

பியோம்கேஷுக்குத் துப்பறிவாளர் என்ற பெயர் பிடிக்காது. தன்னைச் சத்தியான்வேஷி என்று சொல்லிக்கொள்வார். சத்தியத்தைத் தேடுகிறவன் என்று பொருள். வீட்டு வாசலில் பலகையும் அப்படியே. 2015–ம் ஆண்டில் இவரை வைத்து ஒரு ஹிந்திப் படம் எடுத்தார்கள். சுஷாந்த் சிங் ராஜ்புத் நடித்தார். அந்தப் படத்தின் பெயரிலேயே டிடெக்டிவ் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். பியோம்கேஷ் உயிரோடு இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்.

உயில் ஏன் இத்தனை?

இனி, இந்தத் தொடரை மறுபடியும் பார்த்தபோது எனக்குப் பிடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கதையில் காராளி பாபு என்ற பணக்காரர் வருகிறார். கலியாணம் ஆகாதவர். உறவுப் பிள்ளைகள் ஐந்து பேரை வீட்டில் வைத்து வளர்க்கிறார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் மேலாவது கோபம் வந்தால் உடனே உயிலை மாற்றி எழுதுவார். இன்று ஒருவனுக்குச் சொத்து. நாளை அவன் எதிர்த்துப் பேசினால் வேறொருவனுக்கு. ஒருநாள் காலை அவர் படுக்கையில் பிணமாகக் கிடக்கிறார். கடைசி உயில் யார் பெயரில் இருக்கிறதோ, அவன் மேல் போலீசார் சந்தேகப்படுகிறார்கள்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு கதை எழுதினால் அன்றைக்கு அவ்வளவு எளிதில் ஒட்டியிருக்காது. காரணம் சட்டம்.

பழைய இந்து சட்டத்தில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. நம் நாட்டில் பெரும் பகுதிக்கு மிதாட்சரம். வங்காளத்துக்குத் தாயபாகம். மிதாட்சர முறையில் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பங்கு வந்துவிடும். தகப்பன் கோபித்துக்கொண்டாலும் பிள்ளையின் பூர்வீகப் பங்கைப் பறிக்க முடியாது. தாயபாக முறையில் அப்படி அல்ல. தகப்பன் உயிரோடு இருக்கும் வரை எல்லாம் தகப்பனுடையது. பூர்வீகச் சொத்தையும் அவர் நினைத்தவருக்கு எழுதி வைக்கலாம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் வங்காளத்துப் பெரிய வீடுகளில் கிழவரின் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா சாய்வதற்கு முன்னால் கிழவரையே சாய்த்துவிடலாம் என்று ஒருவனுக்குத் தோன்றினால், அங்கே கதை பிறக்கிறது. இதைச் சட்டம் படித்தவரைத் தவிர வேறு யார் இவ்வளவு லாகவமாக எழுத முடியும்?

1956–ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு இரு முறைகளுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. தமிழ்நாட்டில் 1989–ம் ஆண்டுத் திருத்தம் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கைக் கொடுத்தது. அதற்கு முன்பே கலியாணம் ஆனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005–ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் மகள்களுக்குச் சம பங்கு வந்தது. சரதிந்து எழுதிய காலத்தில் இது எதுவும் கிடையாது. அப்பா எழுதி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அண்ணன் வைத்ததே சட்டம்.

இன்னொரு கதை அதைப் பற்றித்தான். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுவே. அதில் கொலையே கிடையாது! ராமேசுவர் என்ற முதியவர். உடம்பு தளர்ந்துவிட்டது. மகள் தன் இஷ்டப்படி வேறு சாதியில் கலியாணம் செய்துகொண்டாள். மகனுக்கு அது பிடிக்கவில்லை. தங்கைக்கு ஒரு காசு போகக்கூடாது என்று அப்பாவைக் காவல் காக்கிறான். வக்கீலை வரவழைத்து உயில் எழுதினால் அந்த உயில் நிலைக்காது, கிழித்துவிடுவான். கிழவர் என்ன செய்தார்? வெங்காயச் சாறு!

வெங்காயச் சாற்றைத் தொட்டுக் காகிதத்தில் எழுதினால் எழுத்துத் தெரியாது. காய்ந்ததும் வெறும் காகிதம் போல இருக்கும். நெருப்புச் சூடு காட்டினால் பழுப்பு நிறத்தில் எழுத்து எழும்பும். எலுமிச்சம்பழச் சாற்றை வைத்து நம் பிள்ளைகளும் இந்த வேடிக்கையைச் செய்வார்கள். கிழவர் இதைக் கொண்டு தன் மகளுக்கு நியாயம் செய்தார். எந்தக் காகிதத்தில் எழுதினார் என்பதை நான் சொல்ல மாட்டேன். பார்க்கப் போகிறவர்களுக்குச் சுவை போய்விடும்.

உயில் பற்றி ஒரு வார்த்தை. 1925–ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில் எழுதியவர் கையெழுத்து வேண்டும். குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாத உயில் செல்லாது. உயிலைப் பதிவு செய்யத்தான் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் பதிவு செய்துவிட்டால் பிற்பாடு தகராறு குறையும். உத்திரமேரூர் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் அப்பா வெற்றுக் காகிதத்தில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சாட்சி இருக்காது. பிறகு அண்ணனும் தங்கையும் பத்து வருஷம் பேசுவதில்லை.

சத்தியவதி

காராளி பாபு கதைக்கு வருவோம். போலீசார் பிடித்துக்கொண்டு போன வாலிபனுக்கு ஒரு தங்கை. பெயர் சத்தியவதி. அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்று பியோம்கேஷைத் தேடி வருகிறாள். சத்தியத்தைத் தேடிப் போனவருக்குச் சத்தியவதி கிடைத்தாள். கதை முடிவில் இருவரும் மணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

கலியாணம் ஆனதோடு துப்பறிவாளர் கதையை முடித்துவிடலாம் என்று சரதிந்து நினைத்தார். 1936–ம் ஆண்டுக்குள் பத்துக் கதை எழுதியிருந்தார். அதோடு நிறுத்தினார்.

பம்பாய்க்குப் போனார்

1938–ம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸ் அதிபர் ஹிமான்ஷு ராய் அவரை அழைத்தார். தேவிகா ராணியின் கணவர் அவர். இந்தியாவிலேயே பெரிய படக் கம்பெனிகளில் ஒன்று அது. கதை எழுத ஆள் வேண்டும் என்றார். சரதிந்து போனார். ‘பாபி’, ‘துர்கா’ முதலிய படங்களுக்குக் கதை கொடுத்தார். ஹிமான்ஷு ராய் 1940–ம் ஆண்டில் காலமானார். அதன் பிறகும் சரதிந்து பம்பாயிலேயே சில ஆண்டுகள் சினிமாவுக்கு எழுதி வந்தார்.

சினிமாவில் பணம் உண்டு. ஆனால் எழுத்தாளன் எழுதியதை எழுதியபடி விடமாட்டார்கள். 1952–ம் ஆண்டில் அவர் இன்னொரு முறை எழுந்து போனார். முதலில் கோர்ட்டை விட்டார். இப்பொழுது ஸ்டூடியோவை விட்டார். பூனா நகரில் குடியேறி முழு நேரமும் எழுத உட்கார்ந்தார்.

யோசித்துப் பாருங்கள். பிறந்தது உத்தரப்பிரதேசம். வளர்ந்தது பீகார். பிழைத்தது பம்பாய். கடைசிக் காலம் மராட்டியர் நடுவில். கல்கத்தாவில் அவர் வாசம் செய்தது படிக்கும் நாட்களில்தான். ஆனால் ஹாரிசன் ரோடு மெஸ்ஸும், டிராம் வண்டிச் சத்தமும், மழைக்கால மாலையில் தேநீரும் அவர் எழுத்தில் இருப்பதுபோல் அந்த ஊரிலேயே கிடந்தவர்கள் எழுத்தில் கூட இல்லை.

பிள்ளைகள் கேட்ட கேள்வி

பதினைந்து ஆண்டு பியோம்கேஷ் தூங்கினார். அவரை எழுப்பியவர்கள் பிள்ளைகள்.

சரதிந்து ஒரு முறை கல்கத்தாவுக்கு வந்தபோது ஒரு நண்பர் வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, ஏன் பியோம்கேஷ் கதை எழுதுவதில்லை என்று கேட்டார்கள். அவருக்கு ஆச்சரியம். தான் எழுதும்போது பிறந்திருக்காத பிள்ளைகள் பழைய புத்தகத்தைத் தேடிப் படித்திருக்கிறார்கள்! 1951–ம் ஆண்டில் மறுபடியும் எழுதத் தொடங்கினார். அதன் பிறகு சாகும் வரை நிறுத்தவில்லை.

இரண்டாம் முறை வந்த பியோம்கேஷ் வேறு ஆள். வயது கூடியிருந்தது. மனைவி அதட்டினாள். மகன் பிறந்தான். பணம் சேர்த்து வீடு கட்டினார். நாடும் மாறியிருந்தது. 1946–ம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்தின் நடுவே ஒரு கதை நடக்கிறது. வெளியே தெருத்தெருவாக வெட்டுக் குத்து. உள்ளே ஒரே ஒரு கொலை. வெளியே விழும் பிணங்களுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. உள்ளே விழுந்த ஒரு பிணத்துக்கு நியாயம் தேடுகிறார் பியோம்கேஷ். அதே கதையில்தான் அவர் தன் பெற்றோர் பற்றிச் சொல்கிறார். தந்தை கணக்கு வாத்தியார். தாயும் தந்தையும் காசநோயில் போய்விட்டார்கள். அப்பொழுது பியோம்கேஷுக்கு வயது பதினேழு.

அந்தக் கதையின் முடிவில் கொலையாளி யார் என்று பியோம்கேஷுக்குத் தெரியும். ஆனால் போலீசாரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. போய் வா என்று விட்டுவிடுகிறார்.

இதைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. முப்பது ஆண்டுக்கு முன்னால் பார்த்த நினைவும் இல்லை. மொத்தக் கதைகளையும் எண்ணிப் பார்த்தால், கோர்ட்டு என்பது பேருக்குத்தான் வருகிறது. சாட்சிக் கூண்டு இல்லை, தீர்ப்பு இல்லை. குற்றவாளி தானே சாகிறான், அல்லது போலீசார் பிடித்துப் போகிறார்கள், அல்லது தப்ப விடப்படுகிறான். வக்கீலாக இருந்தவர் கோர்ட்டை ஏன் இப்படித் தள்ளி வைத்தார்? என் எண்ணம் இது. உண்மை வேறு, நிரூபணம் வேறு என்பதை மோங்கிரில் அவர் தினமும் பார்த்திருப்பார். கோர்ட்டுக்கு நிரூபணம் வேண்டும். சத்தியான்வேஷிக்கு உண்மை போதும்.

ஆனால் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு தனி மனிதர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இவனைத் தண்டிக்கலாம், அவனை விடலாம் என்று தீர்மானிப்பது கதையில் நன்றாக இருக்கிறது. ஊரில் நடந்தால்?

இதைச் சொல்ல எங்கள் ஊருக்கு உரிமை உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. முப்பது குடும்புகளுக்கும் குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த முறை அதில் இருக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் நிற்கக்கூடாது, அவன் நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது. ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால்? ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் அந்த விரலிடுக்கை நினைத்துப் பார்த்த மனிதர் பியோம்கேஷுக்கு ஒன்றும் இளைத்தவர் அல்ல. ஆனால் அவர் ஒரு தனி ஆளை நம்பவில்லை. ஊரார் எல்லோரும் பார்க்கும்படி செய் என்று கல்லில் வெட்டச் செய்தார்.

சினிமாவும் டெலிவிஷனும்

1967–ம் ஆண்டில் சத்யஜித் ராய் ஒரு பியோம்கேஷ் கதையைப் படமாக எடுத்தார். ‘சிடியாகானா’ என்று பெயர். மிருகக்காட்சிசாலை என்று பொருள். உத்தம்குமார் நடித்தார். அந்த நடிப்புக்கும் இன்னொரு படத்துக்குமாகச் சேர்த்துச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் சரதிந்துவுக்கு ரவீந்திர பரிசு கிடைத்தது. துப்பறியும் கதைக்கு அல்ல. விஜயநகரத்தைப் பற்றி, துங்கபத்திரா நதிக்கரையைப் பற்றி, அவர் எழுதிய சரித்திர நாவலுக்கு. அவர் சரித்திர நாவல்களைத் தான் பெரிதாக நினைத்து உழைத்தவர். மக்கள் பியோம்கேஷைப் பிடித்துக்கொண்டார்கள்.

டெலிவிஷன் தொடரை எடுத்தவர் பாசு சாட்டர்ஜி. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு பையனின் உயிரைப் பற்றி வாதாடும் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்ற படத்தை 1986–ம் ஆண்டில் எடுத்தவரும் அவரே. அறைக்குள் நான்கு பேரை உட்கார வைத்துப் பேச விட்டால் போதும், படம் ஓடும் என்று தெரிந்தவர். ரஜித் கபூர் பியோம்கேஷ் ஆனார். கே.கே. ரைனா அஜித் ஆனார். சுகன்யா குல்கர்னி சத்தியவதி. 1993–ம் ஆண்டில் ஒரு தொகுதி, 1997–ம் ஆண்டில் இன்னொரு தொகுதி வந்தது. 2020–ம் ஆண்டு ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்பியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பாசு சாட்டர்ஜி காலமானார்.

இன்று பார்ப்பவருக்கு அதில் குறை தெரியும். வெளிச்சம் போதாது. ஒரே வீட்டைப் பத்து வீடாகக் காட்டியது போல் இருக்கிறது. அடிபட்டு விழுகிறவர் பார்த்து விழுகிறார். கடைசி ஐந்து நிமிஷத்தில் பியோம்கேஷ் விளக்கம் சொல்லும்போது குற்றவாளி தப்பி ஓடாமல் மரியாதையாக நின்று கேட்பது ஏன் என்று என் பேத்தி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் அவள் கைபேசியைத் திருப்பித் தரவில்லை. வெங்காயச் சாற்றுக் கதையை இரண்டு முறை பார்த்தாள். மறுநாள் சமையல் அறையில் ஒரு வெங்காயம் குறைந்தது.

பாதியில் நின்ற கதை

சரதிந்து 1970–ம் ஆண்டு செப்டம்பர் 22–ந் தேதி காலமானார். வயது 71.

முப்பத்திரண்டு பியோம்கேஷ் கதைகளை முடித்திருந்தார். முப்பத்து மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பெயர் ‘பிசுபால் வதம்’. கல்கத்தாவில் ஒரு நாடகக் கொட்டகை. கீசகவத நாடகம் நடக்கிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடுவார்களே, அதே கீசகவதம். மேடையில் நடிகர் ஒருவர் மாண்டுபோகிறார். சபையில் உட்கார்ந்திருந்த பியோம்கேஷ் எழுந்து உள்ளே போகிறார். விசாரணை தொடங்குகிறது. நாடகக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கிறார்.

அந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது.

பிறகு வந்தவர்கள் தாங்களாக ஒரு முடிவு கட்டிப் பார்த்தார்கள். சரதிந்து யாரை மனத்தில் வைத்திருந்தாரோ, அந்தப் பெயரை அவர் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. வெங்காயச் சாற்றில் கூட.